உடலுக்கு வெளியே ஒரு நுரையீரல்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது 'எக்மோ' என்னும் மருத்துவக் கருவியைப் பற்றி. இந்தப் பெயர் உங்களுக்கு முற்றிலும் புதிதாக இராது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் தேதி, சென்னையில் முதலமைச்சர் ஜெயலலிதாவின் இருதயம் நின்றுபோக, அவரை எக்மோ கருவியில் வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் இரவு அவர் காலமானார். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் கொரோனா நோயினால் நுரையீரல் கெட்டு, இதே கருவியின் துணையில் பல வாரங்கள் கிடந்தார். செப்டம்பர் 25ஆம் தேதி அவரும் மறைந்தார். இந்த இரண்டு செய்திகளையும் நம் வீடுகளில் அழுதுகொண்டே கேட்டவர்கள் பலர்.

அதனால் என்ன ஆயிற்று என்றால், நம்மவர்கள் மனத்தில் ஓர் எண்ணம் ஊன்றிவிட்டது. அதை எனக்கு வாய்விட்டுச் சொன்னவர் ஒரு தாய். நான் மருத்துவமனையில் தாதியாகப் பல ஆண்டுகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்தவள். ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் இளைஞர் ஒருவரை வேறொரு மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். எலிக் காய்ச்சல். நுரையீரலுக்குள் இரத்தம் கசிந்து, மூச்சு இயந்திரம் எவ்வளவு தள்ளியும் உடம்பில் பிராணவாயு ஏறவில்லை. எக்மோ போடவேண்டும், குடும்பத்தார் கையெழுத்திடவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸி, அந்த மிஷினப் போட்டா ஆளு திரும்பி வரமாட்டாங்கன்னு சொல்றாங்களே, நெசமா? கையெழுத்துப் போட்டா நானே எம் மவன அனுப்பி வச்ச மாதிரி ஆயிடுமா?"

அந்தக் கேள்விக்கு நடைபாதையில் நின்றபடி, இரண்டு நிமிடத்தில், நான் சொன்ன பதில் போதாது என்று இன்றுவரை எனக்கு ஒரு குறை உண்டு. அன்று சொல்ல நேரமில்லாமல் போனதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

முதலில் நம் நுரையீரல் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். நாம் இழுக்கும் மூச்சு, மரத்தின் கிளைபோலப் பிரிந்து பிரிந்து போகும் குழாய்கள் வழியாகச் சென்று, மிகச் சிறிய காற்றறைகளில் முடிகிறது. ஒரு மனிதனின் நுரையீரலில் இப்படிப்பட்ட அறைகள் ஏறக்குறைய 30 கோடி உண்டு. அவற்றையெல்லாம் பிரித்துத் தரையில் விரித்தால் ஒரு பூப்பந்துத் திடல் அளவுக்கு வரும். அறையின் சுவர் மிக மெல்லியது. சுவருக்கு இந்தப் பக்கம் காற்று, அந்தப் பக்கம் இரத்தம். காற்றிலுள்ள பிராணவாயு இரத்தத்துக்குள் போகிறது. இரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியே வருகிறது. கருஞ்சிவப்பாக வந்த இரத்தம் பளிச்சென்ற சிவப்பாகத் திரும்பிப் போகிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் இப்படிச் சுவாசப்பையைக் கடந்து போகிறது.

இந்தக் காற்றறைகளுக்குள் நீரோ, சீழோ, இரத்தமோ நிரம்பிவிட்டால் என்ன ஆகும்? காற்று உள்ளே வர இடமில்லை. கடுமையான நிமோனியாவில், சில வகைக் காய்ச்சல்களில், தண்ணீரில் மூழ்கி மீட்கப்பட்டவர்களிடத்தில் இதைப் பார்க்கிறோம். முதலில் முகமூடி வழியாகப் பிராணவாயு கொடுப்பார்கள். போதாவிட்டால் தொண்டையில் குழாயை இறக்கி, மூச்சு இயந்திரத்தைப் பொருத்துவார்கள். வெண்டிலேட்டர் என்று சொல்கிறார்களே, அது. எக்மோ வேறு, வெண்டிலேட்டர் வேறு. பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். வெண்டிலேட்டர் காற்றை நுரையீரலுக்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான். தள்ளிய காற்றை வாங்கிக்கொள்ள நுரையீரலில் ஓரளவு நல்ல இடம் மிஞ்சியிருக்கவேண்டும். மிஞ்சவில்லை என்றால் டாக்டர்கள் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். அதிக அழுத்தமும் அதிகப் பிராணவாயுவும் புண்பட்ட நுரையீரலை மேலும் புண்ணாக்கும். கால் ஒடிந்தவனை எழுந்து ஓடு என்று விரட்டுவதுபோலத்தான் அது.

சரி, ஒடிந்த காலுக்கு ஓய்வு கொடுக்கிறோம். ஒடிந்த நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க முடியுமா? மூச்சுக்கு ஓய்வு கொடுத்தால் உயிர் இருக்குமா? இந்தக் கேள்விக்கு விடைதான் எக்மோ. உடலுக்கு வெளியே, ஒரு சவ்வின் வழியாக, இரத்தத்திற்குப் பிராணவாயு ஊட்டுவது என்பதே அந்தப் பெயரின் பொருள்.

கருவியைப் பார்த்தால் பெரிய அதிசயமாக ஒன்றும் தோன்றாது. தொடை இடுக்கிலுள்ள பெரிய இரத்தக்குழாயில், அதாவது நாளத்தில், ஏறக்குறைய சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு குழாயை நுழைக்கிறார்கள். அதன் வழியாகக் கருஞ்சிவப்பு இரத்தம் வெளியே வருகிறது. சுழலும் ஒரு பம்பு அதை இழுத்து, ஒரு பெட்டிக்குள் செலுத்துகிறது. அந்தப் பெட்டிதான் செயற்கை நுரையீரல். அதற்குள் மெல்லிய நுண்குழல்கள் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. குழலுக்குள்ளே பிராணவாயு ஓடுகிறது, குழலுக்கு வெளியே இரத்தம் ஓடுகிறது. இரண்டும் நேராகத் தொட்டுக்கொள்வதில்லை. குழலின் சுவரை ஊடுருவி வாயுக்கள் மட்டும் இடம் மாறுகின்றன. பெட்டியை விட்டு வெளியேறும்போது இரத்தம் பளிச்சென்று சிவந்திருக்கும். அதை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, பெரும்பாலும் கழுத்திலுள்ள நாளத்தின் வழியாக மறுபடி உடலுக்குள் விடுகிறார்கள். நிமிடத்திற்கு 4 அல்லது 5 லிட்டர் இரத்தம் இப்படி இரவும் பகலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பெட்டியிலுள்ள சவ்வின் மொத்தப் பரப்பு 2 சதுர மீட்டருக்கும் குறைவு. நமக்கு இயற்கை தந்தது ஒரு பூப்பந்துத் திடல் என்பதை நினைத்துப் பார்த்தால், மனிதன் செய்த பொருளுக்கு இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று தெரியும்.

இதில் இரண்டு வகை உண்டு. நான் இப்போது சொன்னது நுரையீரலுக்கு மட்டும் துணை செய்வது. இருதயமும் சோர்ந்துவிட்டால், சுத்தமான இரத்தத்தை நாளத்திற்குப் பதிலாகத் தமனியில் செலுத்துவார்கள். அப்போது பம்பு, இருதயத்தின் வேலையையும் சேர்த்துச் செய்யும். பாடகருக்குத் தேவைப்பட்டது நுரையீரலுக்கான துணை. முதலமைச்சருக்கு நின்றது இருதயம். ஒரே பெயர்தான், ஆனால் நோய் வேறு, வாய்ப்பும் வேறு.

இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. பால் வெட்டியவர்களுக்கு அதை எளிதாகச் சொல்லிவிடலாம். மரத்திலிருந்து மங்கில் வடியும் பால், மரத்துக்குள் இருக்கும்வரை உறைவதில்லை. வெளியே வந்து சற்று நேரமானால் கட்டிப்போகத் தொடங்குகிறது. மழை பெய்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆலைக்குப் போய்ச் சேருமுன் பால் உறைந்துவிடக்கூடாது என்பதற்காகச் சிறிது அமோனியா சேர்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரத்தமும் இப்படித்தான். உடம்புக்குள் ஓடும்வரை ஓடும். பிளாஸ்டிக் குழாயைத் தொட்டவுடன் உறையப் பார்க்கும். உறைந்தால் குழாய் அடைக்கும். கட்டி உடம்புக்குள் போனால் மூளையைத் தாக்கும். ஆகவே ஹெபாரின் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்துகிறார்கள். அமோனியா கூடிப்போனால் பாலுக்குத்தான் கேடு. ஹெபாரின் கூடிப்போனால், நோயாளிக்கு மூக்கில், வயிற்றில், சில வேளைகளில் மூளைக்குள்ளேயே இரத்தம் கசியும். குறைந்தால் உறைவு, கூடினால் கசிவு. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒற்றையடிப் பாதையில்தான் எக்மோ நோயாளியை நடத்திச் செல்லவேண்டும். அதற்காகத்தான் மணிக்கணக்கு வைத்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். "ஏன் மிஸி சும்மா சும்மா ரத்தத்த எடுக்கிறீங்க?" என்று கோபித்துக்கொண்ட உறவினர்களுக்கு இப்போதாவது காரணம் விளங்கியிருக்கும்.

இந்தக் கருவி எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில், 1930-31ஆம் ஆண்டு வாக்கில், ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர் ஒரு பெண்ணின் படுக்கையருகே இரவு முழுதும் கண்விழித்திருந்தார். பித்தப்பை அறுவைக்குப் பிறகு அந்தப் பெண்ணின் நுரையீரலுக்குப் போகும் குழாயை ஓர் இரத்தக்கட்டி அடைத்துவிட்டது. நாடியை எண்ணுவதும் இரத்த அழுத்தத்தைக் குறிப்பதும் தவிர அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை. கடைசியில் அறுவை செய்தும் அவர் பிழைக்கவில்லை. இந்தக் கறுத்த இரத்தத்தை வெளியே எடுத்து, பிராணவாயு சேர்த்து, திரும்ப உள்ளே விட முடிந்திருந்தால் பிழைத்திருப்பாரே என்று கிப்பனுக்கு அந்த இரவில் தோன்றியது. பெரிய டாக்டர்கள் அதற்கு ஊக்கம் கொடுக்கவில்லை. அவரும், ஆய்வுக்கூட வேலை தெரிந்த அவருடைய மனைவி மேரியும் சேர்ந்து, பூனைகளை வைத்துப் பரிசோதனை செய்துகொண்டே இருந்தார்கள். 1953ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி, 18 வயதுப் பெண் ஒருத்தியின் இருதயத்திலிருந்த ஓட்டையை, அந்தக் கருவியை நம்பி 26 நிமிடம் இருக்க வைத்து, கிப்பன் தைத்து மூடினார். ஏறக்குறைய 22 ஆண்டு உழைப்புக்குக் கிடைத்த 26 நிமிடம்!

ஆனால் அது அறுவை மேசைக்கான கருவி. அதில் இரத்தமும் வாயுவும் நேராகத் தொட்டுக்கொள்ளும். சில மணி நேரம் ஆனால் இரத்த அணுக்கள் சிதைந்துபோகும். நாட்கணக்கில் ஓட்டவேண்டுமானால் நடுவே ஒரு சவ்வு வேண்டும். செயற்கைச் சிறுநீரகத்தைக் கண்டுபிடித்த வில்லம் கோல்ஃப் என்ற டச்சு டாக்டர், 1940களில், செல்லோபேன் குழாய்க்குள் போன கறுத்த இரத்தம் சிவந்து வெளிவருவதைக் கவனித்தார். சவ்வின் வழியாகக்கூட இரத்தம் மூச்சுவிடும் என்பது அப்போது தெரிந்தது. பிறகு 1960களில் சிலிக்கோன் ரப்பரில் சவ்வு செய்தார்கள். இது நம் பால்மரத்து ரப்பர் அன்று, செயற்கை ரப்பர். நம் மரத்துக்கு அந்தப் பெருமை கிடைக்காமல் போனதில் எனக்குச் சிறு வருத்தம்தான்.

1971ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி நுரையீரல் பழுதான 24 வயது இளைஞர் ஒருவர் 75 மணி நேரம் இந்தக் கருவியில் இருந்து பிழைத்தெழுந்தார். 1975ஆம் ஆண்டு அதே மாநிலத்தில் ராபர்ட் பார்ட்லெட் என்ற டாக்டர், பிறந்த பச்சைக் குழந்தைக்கு இதைப் போட்டார். குழந்தை, வயிற்றுக்குள் இருக்கும்போதே கழித்த மலத்தை மூச்சோடு உள்ளே இழுத்துவிட்டது. தாய் மெக்சிகோவிலிருந்து பிழைப்புத் தேடி எல்லை தாண்டி வந்த ஏழைப் பெண். குழந்தை பிழைக்காது என்று கேள்விப்பட்டோ, பிடிபடுவோம் என்று அஞ்சியோ, அவள் போய்விட்டாள். பெயரிடக்கூட ஆளில்லாத அந்தப் பெண் குழந்தைக்குத் தாதியர்கள்தாம் பெயர் வைத்தார்கள். நம்பிக்கை என்று பொருள்படும் ஸ்பானியப் பெயர். மூன்று நாள் கருவியில் இருந்தபின் குழந்தையின் நுரையீரல் தெளிந்தது. வளர்ந்து பெரியவளாகி, பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த டாக்டரைச் சந்திக்கவும் செய்தாள். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்களின் வழிவந்த நமக்கு, அந்தத் தாயைக் குறைசொல்ல மனம் வராது.

அடுத்து வந்தது தோல்வி. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடுமையாக நுரையீரல் கெட்ட பெரியவர்கள் 90 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி நடத்தி, 1979ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். எக்மோ போட்டவர்களிலும் சரி, போடாதவர்களிலும் சரி, பத்தில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கருவி கொடுத்தும் நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்கவில்லை, மூச்சு இயந்திரம் கடும் அழுத்தத்தில் ஓடிக்கொண்டே இருந்தது, இரத்தக் கசிவும் அதிகம் என்று பின்னால் வந்தவர்கள் காரணம் சொன்னார்கள். எப்படியோ, பெரியவர்களுக்கு எக்மோ என்ற பேச்சு நெடுங்காலம் அடங்கிக் கிடந்தது. பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் விடாமல் செய்தார்கள். பிரிட்டனில் 185 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்து 1996ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கு இது: எக்மோவுக்கு அனுப்பிய 93 பேரில் இறந்தவர்கள் 30. வழக்கமான சிகிச்சை பெற்ற 92 பேரில் இறந்தவர்கள் 54. இதற்குமேல் வாதம் தேவையில்லை அல்லவா?

பெரியவர்கள் பக்கம் 2009ஆம் ஆண்டுதான் காற்று திரும்பியது. அந்த ஆண்டு பன்றிக் காய்ச்சல் உலகெங்கும் பரவி, நல்ல உடற்கட்டுள்ள இளையவர்களின் நுரையீரலையும் கர்ப்பிணிகளின் நுரையீரலையும் தாக்கியது. அதே ஆண்டு பிரிட்டனில் 180 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சியின் முடிவும் வந்தது. எக்மோ வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களில் 100க்கு 63 பேர் ஆறு மாதம் கழித்துக் கடும் ஊனமின்றி உயிரோடிருந்தார்கள். இருந்த இடத்திலேயே வைத்துப் பார்க்கப்பட்டவர்களில் 100க்கு 47 பேர். கொரோனா காலத்தில், 2020ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் எக்மோ போட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்தபோது, இறந்தவர்கள் பத்தில் நான்கு பேருக்குச் சற்றுக் குறைவு. அந்த நான்கு பேரில் ஒருவர்தான் நாம் அறிந்த, நாம் நேசித்த பாடகர். மற்ற ஆறு பேரின் பெயர் செய்தியில் வருவதில்லை. அதனால்தான் அந்த மிஷினைப் போட்டால் ஆள் திரும்புவதில்லை என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

ஆக, அந்தத் தாயின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். நுரையீரலுக்காக எக்மோ போடப்படும் பெரியவர்களில், உலக மருத்துவமனைகளின் பதிவுப்படி, ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் வீடு திரும்புகிறார்கள். இருதயத்துக்காகப் போடப்படுபவர்களில் பாதிக்கும் சற்றுக் குறைவு. இருதயமே நின்று, மார்பை அழுத்திக்கொண்டே போடப்படுபவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர்தான். ஆளைக் கொல்வது கருவி அன்று. கருவி வரைக்கும் வந்துவிட்ட நோய்தான் கொல்கிறது.

எக்மோ ஒரு மருந்தும் அன்று. அது எந்த நோயையும் குணப்படுத்தாது. நேரத்தை மட்டும் வாங்கித் தரும். அந்த நேரத்தில் மருந்து வேலை செய்யவேண்டும், உடம்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளவேண்டும். ஆகவே, சரியாகக்கூடிய நுரையீரலுக்கே இது பொருந்தும். இதற்கு நம் தோட்டத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நீங்கள் அறிவீர்கள். முதுகில் தோம்பு மாட்டி அதை அடித்த தாய்மார்கள் எத்தனை பேர்! 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த நஞ்சு வயிற்றுக்குள் போய்விட்டால், நுரையீரலைத் தேடிப் போய்த் தழும்பாக்கிவிடும். தழும்பு நுரையீரலாகத் திரும்புவதில்லை. போதாக்குறைக்கு, பிராணவாயு அதிகம் கொடுத்தால் அந்த நஞ்சு இன்னும் மோசமாக வேலை செய்யும். மாற்று நுரையீரல் பொருத்தும் ஏற்பாடு இருந்தாலொழிய, அங்கே எக்மோ எந்தக் கரையிலும் கொண்டுபோய்ச் சேர்க்காது. பழைய கொட்டகையில், பெயர்ச்சீட்டு கிழிந்த போத்தலில் அந்த மருந்து இன்னும் மிச்சமிருந்தால், பிள்ளைகள் கையில் படுமுன் நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிடுங்கள்.

எலிக் காய்ச்சலின் கதை வேறு. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும் கிருமி, காலிலுள்ள வெடிப்பு வழியாகவும் கீறல் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. மிகச் சிலருக்கு அது நுரையீரலில் இரத்தக் கசிவை உண்டாக்குகிறது. பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும், கிருமியைக் கொன்று, சில நாள் தாக்குப்பிடிக்க வைத்தால் அந்த நுரையீரல் மறுபடி தெளியக்கூடியது. எக்மோவினால் பிழைத்தவர்களைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை. காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை தொடமுடியாமல் வலித்தால், கண் சிவந்தால், உடனே கிளினிக்குக்குப் போங்கள். போனவுடன் "நான் செம்பனைக் காட்டில் வேலை செய்கிறேன்" என்று வாய்திறந்து சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் டாக்டரின் எண்ணத்தைச் சரியான பக்கம் திருப்பும். தொடக்கத்திலேயே கொடுத்தால் சாதாரண மருந்துகளுக்கே இந்தக் கிருமி அடங்கும். நான் சொன்ன இளைஞர், பனடால் போட்டுக்கொண்டு ஐந்து நாள் வேலைக்குப் போயிருக்கிறார். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலை. அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். நானும் லயத்து வீட்டில் பிறந்தவள்தான்.

எக்மோ எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. கோலாலம்பூரிலுள்ள தேசிய இருதயக் கழகம், சிங்கப்பூரிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற பெரிய இடங்களில்தான் உண்டு. கருவியை வாங்கிவிடலாம். அதை இரவு பகலாகக் கவனிக்கத் தெரிந்த டாக்டர்களும் தாதியர்களும் பம்பு இயக்குநர்களும் கிடைப்பதுதான் அரிது. ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை சிறிய மருத்துவமனை ஒன்றில் மூச்சு இயந்திரத்தில் கிடந்து, நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டே போனால், "எக்மோ உள்ள இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிறீர்களா டாக்டர்?" என்று கேட்பதில் தவறில்லை. கடும் அழுத்தத்தில் ஒரு வாரத்துக்கு மேல் கிடந்துவிட்ட நுரையீரலுக்கு வாய்ப்பு குறைந்துபோகும். தாமதமாக வரும் எக்மோ, வராத எக்மோவைவிட அதிகமாக ஒன்றும் செய்துவிடாது.

கையெழுத்துக் கேட்கும்போது டாக்டரிடம் தயங்காமல் கேட்கவேண்டியவையும் உண்டு. இந்த நுரையீரல் அல்லது இருதயம் சரியாகக்கூடியதா? எத்தனை நாள் கழித்து மறுபடி உட்கார்ந்து பேசுவோம்? மூளைக்குச் சேதம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? செலவு எவ்வளவு, உதவிக்கு யாரைப் பார்க்கவேண்டும்? கடைசிக் கேள்வியைக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். மருத்துவமனைகளில் சமூக நல அதிகாரிகள் இருப்பதே அதற்காகத்தான். இன்னொன்றும் சொல்லவேண்டும். கருவியை நிறுத்தவேண்டிய நாளும் சில குடும்பங்களுக்கு வரும். நுரையீரல் தேறாது, வேறு வழியுமில்லை என்று தெரிந்தபின், பம்பு சுற்றுவதால் மட்டும் ஓடும் இரத்தத்தை வாழ்வு என்று சொல்லமுடியாது. அந்த முடிவை டாக்டர்கள் உங்களோடு பேசித்தான் எடுப்பார்கள். சரி என்று தலையசைத்த எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பி வைத்தவள் ஆகமாட்டாள். அவனை அனுப்பியது நோய்.

உள்ளே போய்ப் பார்க்கும்போது பயப்படாதீர்கள். முகம் வீங்கியிருக்கும், பெரும்பாலும் தூக்க மருந்தில் இருப்பார்கள். சில இடங்களில் நோயாளியை விழிக்க வைத்து, உட்கார வைத்து, கருவியோடு நடக்கக்கூட வைக்கிறார்கள். கையைத் தொடலாம், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். குழாயை மட்டும் இழுத்துவிடக்கூடாது. வீட்டுக்குத் திரும்பியபின்னும் கைகால் பலம் வரப் பல மாதம் பிடிக்கும். படுக்கையில் கிடந்த உடம்பிலிருந்து சதை கரைந்துபோயிருக்கும்; படி ஏறினால் மூச்சு வாங்கும், இரவில் கெட்ட கனவு வரும். சோம்பேறி ஆகிவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

அந்தத் தாய் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியது. அதன்பிறகு தினமும் பகல் வேளையில் வந்து, மகனின் கட்டிலருகே நின்று இரண்டு குழாய்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. "சிவப்பா இருக்கில்ல மிஸி, நல்லாத்தான ஓடுது?" என்று கேட்பார். ஆமாம் அம்மா என்பேன். பதினோராம் நாள் அவர் உள்ளே வந்தபோது இரண்டு குழாய்களும் கறுத்திருந்தன. பார்த்த மாத்திரத்தில் அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து, தலைமாட்டிலிருந்த திரையைக் காட்டினேன். செயற்கை நுரையீரலுக்குப் போகும் பிராணவாயுவை டாக்டர் காலையிலேயே மூடிவிட்டிருந்தார். பெட்டி வேலை செய்யவில்லை; ஆகவே உள்ளே போகும் இரத்தமும் வெளியே வரும் இரத்தமும் ஒரே நிறம். ஆனால் திரையில் பிராணவாயுவின் அளவு 96 என்று நின்றிருந்தது. "அம்மா, இப்ப மூச்சு விடுறது மிஷின் இல்ல. உங்க மவன்தான்" என்றேன்.

மறுநாள் குழாய்களை எடுத்தார்கள்.